ஒற்றைக் கல் மழை

மேசை மேல் ஒரு கோவா இருந்தது. கறிக்கு நறுக்குகிற சாதாரண முட்டைக்கோஸ்தான். வேரில் மண் இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. துப்பறிவாளர் ரத்னா அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். ஹட்டன் கடைத்தெருவில், ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அவளுடைய அலுவலகத்துக்கு உடைந்த பூட்டுகள் வந்திருக்கின்றன, அறுந்த தாலிக்கொடி வந்திருக்கிறது, ஒரு தடவை யாரோ ஒருவரின் பல்செட்கூட வந்திருக்கிறது. காய்கறி வருவது இதுதான் முதல் தடவை.

"சாட்சிய வேகவச்சு விசாரிக்கணுமா, பச்சையாவேயா மேடம்?" என்றான் அப்ராஸ். கீழே இருந்த கடை அவனுடைய வாப்பாவுடையது. வாப்பாவுக்கு ஒரு ஆணியைக்கூட எடுத்துக் கொடுக்காத அப்ராஸ், ரத்னாவுக்கு மட்டும் உதவியாளனாகவும் ஆட்டோ சாரதியாகவும் யாரும் கேட்காத விமர்சகனாகவும் இருந்தான்.

"நீ வாய மூடு. அம்மா, நீங்க சொல்லுங்க."

எதிரே உட்கார்ந்திருந்த ராசம்மா ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். கண்கள் தூங்கிப் பல நாளானதுபோல் இருந்தன.

"சனிக்கெழம ஐஸ் மழ பேஞ்சிச்சி மேடம். எங்க வீட்டுக்காரரு வீரய்யா வேலை முடிஞ்சி ரோட்டோரமா வந்துக்கிட்டு இருந்திருக்காரு. மழ விட்டப்புறம் போய்ப் பாத்தா எங்க கோவாப் பாத்திப் பக்கத்துல தலையில ரத்தத்தோட விழுந்து கெடக்குறாரு. பங்களாவுல என்னா சொல்றாங்கன்னா, டென்னிஸ் பந்து மாதிரி ஐஸ்கல்லு விழுந்துச்சாம். ஒண்ணு மனேஜர் தொரயோட ஜீப்புக் கண்ணாடிய ஒடச்சிச்சாம், இன்னொண்ணு இவரு மண்டையில விழுந்துச்சாம். ஒரு கல்ல எடுத்து ஐஸ்பெட்டியில வேற வச்சிருக்காங்க. பொலிஸ் வந்து அதப் பாத்துட்டு, சரி, இயற்கைன்னு எழுதிட்டுப் போயிருச்சி."

"இப்ப அவர் பேசுறாரா?"

"இல்ல மேடம். கண்ண மட்டும் தொறந்து தொறந்து மூடுறாரு. ஆனா எடது இடுப்புல கை பட்டா கத்துறாரு. டாக்டரு அதத்தான் கேக்குறாரு. தலையில கல்லு விழுந்த ஆளுக்கு இடுப்பு ஏன் வலிக்குது, உண்மையா என்னா நடந்துச்சின்னு. உள்ளுக்குள்ள அடின்னா ஒடனே கண்டி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணுமாம். இல்லன்னா இந்த மண்டையோட அம்புட்டுத் தூரம் மலை ரோட்டுல குலுக்கிக்கிட்டுப் போறதே ஆபத்தாம். என்னா நடந்துச்சின்னு தெரியாம நான் என்னத்த சொல்றது?" அவள் கோவாவைக் காட்டினாள். "இது அவரு விழுந்து கெடந்த எடத்துல இருந்து ரெண்டு எட்டுல மொளச்சது. இத மட்டும் கல்லு ஏன் மேடம் தொடல?"

ரத்னா வெளி இலை ஒன்றைப் பிரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். இலையில் துளைகள் இருந்தன. எல்லாம் பட்டாணி நுழையும் அளவு. அதைவிடப் பெரிதாக ஒரு கிழிசல்கூட இல்லை.

இதுதான் சிக்கல். கோவா பொய் சொல்லாது. பொலிஸார் கண்ணால் பார்த்த கல்லையும் இல்லையென்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மழையில், ஒரே இடத்தில். ரத்னா கோவாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஆட்டோவ எடு," என்றாள். "ராசம்மா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டரோட நம்பர எனக்குக் குடுத்துட்டுப் போங்க."

நோர்வூட் தாண்டி பொகவந்தலாவைப் பக்கம் ஆட்டோ முக்கி முனகி ஏறியது.

"ஐஸ் மழைக்கும் சைஸ் இருக்கா மேடம்? சட்டைக்கு இருக்குற மாதிரி?"

ரத்னா முன்பு இன்சூரன்ஸ் கம்பனியில் வாகனச் சேதம் மதிப்பிட்டவள். ஆலங்கட்டி அடித்ததென்று சொல்லிச் சுத்தியலால் அடித்துப் பள்ளமாக்கிக் கொண்டுவந்த கார்களை நிறையப் பார்த்தவள். அதனால் அவளுக்கு ஆலங்கட்டியைப் பற்றித் தெரியும். கார் வைத்திருப்பவர்களைப் பற்றி அதைவிட நன்றாகத் தெரியும்.

"இருக்கு. அஞ்சு மில்லிமீட்டருக்குக் கொறஞ்சா ஆலங்கட்டின்னே சேக்க மாட்டாங்க. அதுக்கு மேல பூச்சியத்துல இருந்து பத்து வரைக்கும் ஒரு படிக்கணக்கு வச்சிருக்காங்க. கல்லோட அளவ மட்டும் பாக்குறதில்ல, அது என்னத்த ஒடச்சிச்சின்னும் பாப்பாங்க. பட்டாணி அளவுன்னா ஒண்ணாம் படி. எலையில ஓட்ட விழும், அவ்வளவுதான். கோலிக்குண்டு ரெண்டு. கோல்ஃப் பந்து அஞ்சு. ஜன்னல் கண்ணாடி ஒண்ணும் மிஞ்சாது. டென்னிஸ் பந்து ஏழு. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல வேகத்துல வரும். கூரையே பிஞ்சிரும்."

"அப்ப பத்து?"

"பப்பாளி மாதிரி வரும்."

"பத்தாம் படியில நம்ம ஆட்டோ தூளாயிரும்."

"ஆட்டோ ஒண்ணாம் படியிலேயே தூளாயிரும். ரோட்டப் பாத்து ஓட்டு."

ராசம்மா சொன்ன வளைவில் நிறுத்தினார்கள். ரத்னா பாத்தியைப் பார்த்தாள், மேலே தேயிலையைப் பார்த்தாள், எதிரே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரையைப் பார்த்தாள். இலைகளில் அதே பட்டாணித் துளைகள். கூரையில் ஒரு பள்ளமும் இல்லை.

"பெரிய கல்லு தனியா வராது அப்ராஸ். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளை தனியா வர்றானா? கூடவே ஒரு கூட்டம் வரும். எலுமிச்சங்காய் அளவுல, நெல்லிக்காய் அளவுலன்னு. இங்க கூட்டத்தையே காணோம்."

"மாப்பிள்ளை மட்டும் பங்களா ஐஸ்பெட்டிக்குள்ள உக்காந்திருக்காரு."

"அதான் எனக்குப் புரியல," என்றாள் ரத்னா. புரியாத விஷயம் அவளுக்குப் பிடிக்காது. அதனால் அவளே முதலில் ஆட்டோவில் ஏறி, பங்களாவுக்கு விடச் சொன்னாள்.

பங்களாவின் கராஜில் ஜீப் நின்றது. அப்ராஸ் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து நன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற வேலையாளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தான்.

"முன்கண்ணாடியில எடது பக்கம், கீழ் மூலையில சிலந்தி வலை மாதிரி வெடிச்சிருக்கு. கூரையில பள்ளம் இல்ல, பொனட்ல பள்ளம் இல்ல. நாளைக்குக் காலையில புதுக் கண்ணாடி போட ஆள் வருதாம். நூறு கிலோமீட்டர் வேகத்துல வந்த கல்லு, தகரம் வலிக்குமேன்னு பாத்துக் கண்ணாடியில மட்டும் விழுந்திருக்கு. ரொம்ப நல்ல கல்லு மேடம்."

தோட்டத்து மனேஜர் சிதம்பரநாதன், தொழிலாளர்களின் வாயில் பெரிய துரை, இவர்களை வாசலுக்கே வந்து வரவேற்றார். ஆலங்கட்டியை ஒருவர் விசாரித்து வருகிறார் என்றதும் அவருக்குத் தோளில் ஒரு சால்வை விழுந்ததுபோல் ஆகிவிட்டது.

"இலங்கையிலேயே இவ்வளவு பெரிசு விழுந்ததே இல்லை, மிஸ் ரத்னா. நான் பேஸ்புக்கில் போட்டுவிட்டேன். ஆயிரம் பேருக்கு மேல் பகிர்ந்திருக்கிறார்கள். நாளைக்குப் பத்திரிகையில் இருந்து வருகிறார்கள்."

"அந்த அடிபட்ட மனுஷன் வீரய்யா எப்படி இருக்கார் சார்?"

"யார்? ஓ, அவரா. பாவம். ஆனால் இயற்கையோடு நாம் சண்டை போட முடியுமா?" என்றவர், இயற்கையோடு தனக்கு ஏதோ நெருங்கிய பழக்கம் இருப்பதுபோல் புன்னகைத்தார்.

ஜன்னலோரமாக ஒரு இளைஞன் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தான். மகன் நிரோஷன், கொழும்பில் ஏதோ படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருக்கிறான். ரத்னாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான்.

"அப்பு!" என்று குரல் கொடுத்தார் துரை.

பங்களாவின் சமையற்காரர் நல்லமுத்து வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார். பங்களாக்களில் அந்த வேலையில் இருப்பவரை அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கொண்டுவந்த வெள்ளித் தட்டில், மடித்த துவாயின் மேல், அந்தக் கல் இருந்தது.

அப்ராஸ் மெல்ல விசிலடித்தான்.

அழகாக இருந்தது. டென்னிஸ் பந்தின் அளவு, உருண்டை, வழவழப்பு. கண்ணாடிபோல் மறுபக்கத்துத் துவாயின் கோடுகள் தெரிந்தன. நடுவில் மட்டும் பஞ்சு வைத்ததுபோல் கொஞ்சம் வெள்ளை.

"இதுக்குத் தேசிய சாதனைன்னு பேர் வாங்கணும்னா ஒண்ணு செய்யணும் சார்," என்றாள் ரத்னா. "வெட்டிப் பாக்கணும். உள்ளுக்கு இருக்குற வளையத்தப் பாக்காம யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"டாடி, வேண்டாம்," என்றான் நிரோஷன் சட்டென்று. "கரைஞ்சிரும்."

"நீ சும்மா இரு. சாதனை என்றால் சும்மாவா? அப்பு, பாண் ரொட்டி வெட்டுகிற கத்தியைக் கொண்டு வா. விருந்தாளிகளுக்குத் தேநீரும் கொண்டு வா."

"எனக்குத் தேத்தண்ணி வேணாம் அப்பு," என்றான் அப்ராஸ். "இந்தப் பக்கம் பத்து வீட்டுக்குப் போனா பத்து வீட்டுலயும் தேத்தண்ணிதான். நரம்புல எல்லாம் சாயம் ஓடுது. கூலா ஏதாச்சும் குடுங்க."

கத்தி வந்தது. ரத்னா பொறுமையாக, மரம் அறுப்பதுபோல் அறுத்தாள். கல் இரண்டாகப் பிளந்தது. வெளியே தடித்த கண்ணாடி, நடுவில் வெள்ளை நெஞ்சு. அவ்வளவுதான்.

"பார்த்தீர்களா!" என்றார் துரை. "எவ்வளவு சுத்தம்! எவ்வளவு தெளிவு!"

"ஆமா சார். அதான் பிரச்சினை." ரத்னா ஒரு பாதியைக் கையில் எடுத்தாள். முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது. ஒரு பொருள் எப்படி உண்டாகிறது என்று சொல்லக் கிடைக்கும்போது மட்டும் அவளுக்கு வருகிற சந்தோஷம். "ஆலங்கட்டி எப்படி வளருதுன்னு தெரியுமா? மேகத்துக்குள்ள மேல இழுக்குற காத்து பலமா இருக்கும். அதுல ஒரு குட்டி ஐஸ் உருண்டை மாட்டிக்கும். சுத்தி நெறையத் தண்ணித் துளி இருக்கும். பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாம, தொட்டா உறையலாம்னு காத்துக்கிட்டு இருக்குற தண்ணி. உருண்டை அதுல மோதி மோதிப் பெருசாகுது."

"அது எனக்கும் தெரியும். மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய்..."

"அது பழைய கதை சார். லிஃப்ட்ல மாதிரி ஏறி எறங்கணும்னு கட்டாயம் இல்ல. மேகத்துல ஒரு எடத்துல தண்ணி கொஞ்சமா இருக்கும், இன்னொரு எடத்துல நெறைய இருக்கும். ஒரே ஒரு தடவை குறுக்கால கடந்து போனாலே போதும். தண்ணி கொஞ்சமா இருக்குற எடத்துல துளி பட்ட நிமிஷமே உறைஞ்சிரும். காத்து உள்ளுக்கே மாட்டிக்கும். அது வெள்ளை வளையம். தண்ணி நெறைய இருந்தா மெதுவா உறையும். காத்து தப்பிச்சுப் போயிரும். அது கண்ணாடி வளையம். இப்படி வெள்ளை, கண்ணாடி, வெள்ளைன்னு வெங்காயம் மாதிரி வரும். இவ்வளவு பெருசா வளர்ந்தா வெளிய முடிச்சு முடிச்சா, இஞ்சிக்கிழங்கு மாதிரி அசிங்கமா இருக்கும். உங்க கல்லு அழகிப் போட்டிக்குப் போற கல்லு."

துரையின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது. "ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு மாதிரி இருக்கலாமே?"

"இருக்கலாம். ஆனா திசை மாறாது. ஆலங்கட்டி உள்ள இருந்து வெளிய வளரும். இது வெளிய இருந்து உள்ளுக்கு உறைஞ்சிருக்கு. மொதல்ல தோல் உறைஞ்சிருக்கு, அப்புறம் அடுத்த அடுக்கு. தண்ணிக்குள்ள இருந்த காத்தெல்லாம் தப்பிக்க வழியில்லாம நடுவுக்கு ஓடி, கடைசியா அங்க வெள்ளையா அகப்பட்டிருக்கு. அப்படி உறையுற எடம் ஒண்ணுதான் சார் இருக்கு. அது வானத்துல இல்ல."

"என்ன சொல்ல வருகிறீர்கள்?"

ரத்னா பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. நல்லமுத்து தட்டோடு வந்துகொண்டிருந்தார். அப்ராஸின் கையில் ஒரு கண்ணாடிக் குவளையைக் கொடுத்தார். ஆரஞ்சுச் சாறு. அதன் நடுவே, குவளையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, உருண்டையாக, வழவழப்பாக, நெஞ்சில் ஒரு சிட்டிகை வெள்ளையோடு மிதந்தது ஒரு ஐஸ் பந்து.

அப்ராஸ் குவளையை ஆட்டினான். பந்து டக்கென்று இடித்தது.

"சார்," என்றான் மிக மரியாதையாக, "உங்க பங்களாவுல இன்னும் ஐஸ் மழை விடலையா?"

துரை குவளையைப் பார்த்தார். தட்டில் கிடந்த பாதியைப் பார்த்தார். மறுபடி குவளையைப் பார்த்தார்.

"இது எங்கிருந்து வந்தது?"

நல்லமுத்து கேள்வி புரியாமல் விழித்தார். "நம்ம ஐஸ்தானுங்க ஐயா. சின்னத்தொர கொழும்புல இருந்து அச்சு கொண்டாந்தாருங்களே, விஸ்கிக்கு. ரெண்டு தடவ கொதிக்கவச்சி ஆறுன தண்ணியத்தான் ஊத்துறேன். பங்களாவுல பச்சத்தண்ணி ஐஸ் கெடையாதுங்க. வெள்ளக்காரத் தொர காலத்துல இருந்து அதான் சட்டம்."

"அதனாலதான் இவ்வளவு தெளிவு," என்றாள் ரத்னா. "கொதிக்க வச்சா தண்ணியில இருக்குற காத்து பாதிக்கு மேல போயிரும். லயத்துப் பக்கம் குழாய்த் தண்ணியில செஞ்சிருந்தா பாதிக்குமேல வெள்ளையா வந்திருக்கும், பாக்குறவங்களும் கொஞ்சம் நம்பியிருப்பாங்க. மேகத்துல அப்பு இல்ல சார். தண்ணிய ரெண்டு தடவ கொதிக்க வைக்க அங்க ஆளில்ல."

சிதம்பரநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. ரத்னா அவரைக் கவனித்தாள். வரும் வழியெல்லாம் இந்த மனிதரைத்தான் அவள் பொய்யர் என்று நினைத்திருந்தாள். பொய்யராக இருந்திருந்தால் கல்லை வெட்ட விட்டிருக்க மாட்டார்; சாதனை என்றதும் கத்தியைத் தானே கொண்டுவரச் சொல்லியிருக்கமாட்டார். இவர் பொய்யர் இல்லை. மகன் சொன்னதை வாங்கி ஆயிரம் பேருக்குக் காட்டிய வெறும் பெருமைக்காரர்.

"சனிக்கிழமை நீங்க இங்க இல்ல, இல்லையா சார்?"

"நுவரெலியாவில் கிளப்பில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான்..." அவர் மெல்லத் திரும்பினார். "நிரோஷன்?"

நிரோஷனின் ஃபோன் கையிலிருந்து நழுவிக் கம்பளத்தில் விழுந்தது.

"ஒண்ணுமே தெரியல டாடி. ஐஸ் பட்டாணி மாதிரி கொட்டிச்சு, கண்ணாடி முழுக்க வெள்ளை. வளைவுல... அந்தாள் ஓரமாத்தான் இருந்திருக்கணும். நான் நிறுத்தல. பயந்துட்டேன். அப்புறம் பொலிஸ் சார்ஜன்ட் வர்றார்னு கேள்விப்பட்டு, அச்சுல இருந்த ஒண்ண எடுத்து, கையில வச்சுக் கொஞ்சம் தேச்சு..."

"அதான் அச்சோட ஓரத்துக் கோடு இல்ல," என்றான் அப்ராஸ். "வேலை சுத்தம் தம்பி. அந்தாளத் தூக்கி ஆஸ்பத்திரியில போட்டிருந்தா இவ்வளவு தேய்க்க வேண்டியிருந்திருக்காது."

ரத்னா நிரோஷனுக்கு எதிரே போய் நின்றாள். அவளுக்கு அவனுடைய பயத்தில் அக்கறை இல்லை, கண்ணீரில் அதைவிடக் குறைவு.

"எனக்கு ரெண்டே ரெண்டு விஷயம் வேணும். ஜீப்போட எந்த எடம் அவர் மேல பட்டுச்சு? எவ்வளவு வேகத்துல போன?"

"இடது பம்பர். இடுப்புல. அப்புறம் பொனட் மேல சாஞ்சு, தலை கண்ணாடியில... வேகம் நாப்பது இருக்கும். அம்பதாவும் இருக்கலாம்."

"மிஸ் ரத்னா," என்று துரை எழுந்தார். குரலில் வாசலில் இருந்த சால்வைப் பெருமை இல்லை. "அவன் சின்னப் பையன். இதை வெளியே கொண்டுபோகாமல் நாமே உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு..."

"உங்க பையனப் பத்தி அப்புறம் பொலிஸ்ல பேசுங்க சார். ஆயிரம் பேர் பகிர்ந்த ஆளு, உங்களுக்குப் பேச வராதா?" அவள் ஏற்கெனவே டாக்டரின் எண்ணை அழுத்தியிருந்தாள். "அப்ராஸ், பொலிஸுக்குச் சொல்லிட்டு ஜீப்புக்குப் பக்கத்துல போய் நில்லு. பொலிஸ் வர்ற வரைக்கும் கண்ணாடிய யாரும் தொடக் கூடாது."

அப்ராஸ் குவளையை மேசையில் வைத்தான். அதைக் குடிக்கவில்லை. "சாட்சியக் குடிச்சிட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது," என்றபடி வெளியே போனான்.

மறுமுனையில் டாக்டர் எடுத்தார். பின்னால் யாரோ கட்டிலைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"டாக்டர், நீங்க ராசம்மாகிட்ட கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிருச்சு. வீரய்யா மேல கல் எதுவும் விழல. அன்னிக்குப் பெஞ்சது பட்டாணி அளவு ஆலங்கட்டி மட்டும்தான். அவர மோதுனது ஜீப். பம்பர் எடது இடுப்புல பட்டிருக்கு, அப்புறம் தலை முன்கண்ணாடியில இடிச்சிருக்கு. வேகம் நாப்பதுல இருந்து அம்பது கிலோமீட்டர். உள்ளுக்குள்ள அடி இருக்கும்னு வச்சுக்கிட்டு அவரக் கண்டிக்கு அனுப்புங்க."